இருபத்துநாலு பரப்பு

எனக்குக் கோபம் வந்தால் வாயை முந்திக்கொண்டு விரல்கள் ஓடும். கணினிக்கு முன்னால் இருக்கும்போது அது ஆபத்தான குணம். அந்த வெள்ளிக்கிழமை நடந்தது எல்லாம் என் விரல்கள் செய்த வேலைதான்.

2001ஆம் ஆண்டு. வவுனியா, குருமன்காட்டில் வீரகத்தி அண்ணையின் கொம்யூனிகேஷன் கடை. கீழே, வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் எடுக்கும் அழைப்புக்காகச் சனம் உட்கார்ந்து காத்திருக்கும் நீள மர வாங்கு. மேலே, நான் கணினி வகுப்பு நடத்தும் அறை. இரண்டுக்கும் சேர்த்து ஒரேயொரு தொலைபேசி இணைப்பு. கீழே யாரும் கதைக்காத நேரமாகப் பார்த்து நான் மேலே இணையத்துக்குள் நுழைந்துகொள்வேன். வீரகத்தி அண்ணை அதைக் கண்டும் காணாததுமாக விட்டுவிடுவார்.

அப்படி நுழைந்து நான் செய்துகொண்டிருந்தது ஒரு சங்கத்து வேலை. உலகத்தின் பல மூலைகளில் இருப்பவர்கள் சம்பளம் வாங்காமல் மென்பொருள் எழுதுகிறார்கள். அவற்றையெல்லாம் சேர்த்து, யாரும் எடுக்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம் என்று ஒரே தொகுப்பாக வெளியிடுகிறார்கள். யார் வேண்டுமானாலும் ஒரு பொதியை அனுப்பலாம். அதை ஒருவர் நிறுவிப் பார்த்து, தட்டிப் பார்த்து, சொன்ன வேலையைச் செய்கிறதா என்று சோதித்த பிறகே தொகுப்பில் சேர்ப்பார்கள். நான் அந்தச் சோதிக்கிற ஆள். அதுவும் தனியாக முடிவெடுக்கும் உரிமையை டென்மார்க்கில் இருந்த எங்கள் தலைமைப் பரிசோதகர் ஹென்ரிக் அந்த வாரம்தான் எனக்குத் தந்திருந்தார். தலைகால் தெரியாத சந்தோஷத்தில் இருந்தேன்.

அந்த வெள்ளி மாலை, எங்கள் நேரப்படி ஆறு மணிக்கு, புதிய பொதிகளுக்கான கதவு மூடப்படும். அதற்குள் சேர்ந்தவை சீடியில் ஏறும், மற்றவை அடுத்த சீடிக்கு ஒன்றரை வருடம் காத்திருக்க வேண்டும். இணையம் உள்ளவர்களுக்கு இதெல்லாம் பெரிய விஷயமில்லை. எங்கள் பக்கத்தில் தபாலில் வரும் அந்தச் சீடியில் இருப்பதுதான் மென்பொருள், இல்லாதது இல்லாததுதான்.

காலையில் என் பங்குக்கு வந்த பொதியைத் திறந்ததும் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். ஜெர்மனி, பிரேசில், கனடா என்றுதான் வழக்கமாக வரும். இது நெளுக்குளத்திலிருந்து வந்திருந்தது. சைக்கிளில் போனால் அரை மணி நேரம்.

"இது காணி அளவைகளை மாற்றும் சிறிய மென்பொருள்," என்று கூட இருந்த கடிதம் சொன்னது. "யாழ்ப்பாணத்துப் பரப்புக் கணக்கில் சொல்கிறவர்களின் காணியை ஏக்கரிலும் ஹெக்டேரிலும் எழுத உதவும். பொதி தந்தவர்களின் பட்டியலில் என் பெயரைச் சுருக்க வேண்டாம். முழுதாக வர வேண்டும். முத்துக்கருப்பன் மாயாண்டி, நெளுக்குளம், வவுனியா."

பெயரைச் சுருக்க வேண்டாமாம். பொதி ஏறுவதற்கு முன்பே பெயரைப் பற்றிக் கவலை என்று எனக்குள் ஒரு சின்ன எரிச்சல். ஊர்க்காரர் என்று விட்டுக்கொடுக்கக் கூடாது, இரண்டு மடங்கு கடுமையாகச் சோதிக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.

நிறுவினேன். அழகாக நிறுவப்பட்டது. உரிமம் சரி, கோப்புகள் சரி. இனி ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். எனக்குத் தெரிந்த காணி ஒன்றுதான். யாழ்ப்பாணத்து மட்டுவிலில் ஐயாவுக்கு, என் அப்பாவுக்கு, இருபத்துநாலு பரப்பு வயல் இருந்தது. "இருபத்துநாலு பரப்பு, சரியா ஒரு ஏக்கர்," என்று அவர் நாளுக்கு ஒரு தடவையாவது சொல்லாமல் சாப்பிட மாட்டார். நான் பிறந்ததும் வளர்ந்ததும் வட்டக்கச்சிக் குடியேற்றத்தில். அங்கே எல்லாம் ஏக்கர்தான். பரப்பு என்பது எனக்கு ஐயாவின் வாயில் மட்டும் இருந்த அளவு.

இருபத்துநாலு என்று அடித்தேன். கணினி ஏதோ கேட்டது. என்டர் தட்டினேன். ஒன்றரை ஏக்கர் என்று விடை வந்தது.

ஒன்றரையாம். ஐயாவின் வயலுக்குப் பக்கத்தில் அரை ஏக்கரை இந்த மனிதன் எங்கிருந்து கொண்டுவந்தான்? திரும்ப அடித்தேன், திரும்ப என்டர், திரும்ப ஒன்றரை. தனியாக முடிவெடுக்கும் முதல் பொதியிலேயே இவ்வளவு பெரிய பிழையைப் பிடித்துவிட்டேன் என்ற பூரிப்பில், புளுகத்தில் கை பரபரத்தது. "அடிப்படை அளவே பிழை. ஏக்கருக்குப் பதினாறு பரப்பு என்று போட்டிருக்கிறார். இருபத்துநாலு என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். நிராகரிக்கிறேன்," என்று எழுதி, உலகம் முழுவதும் பார்க்கக்கூடிய எங்கள் மின்னஞ்சல் குழுவுக்கு அனுப்பிவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனேன்.

சாப்பிடும்போது ஐயாவிடம் பெருமையடித்தேன். ஐயா குழம்பில் கையை வைத்தபடி நிமிர்ந்து பார்த்தார்.

"ஆரடி பிள்ளை பிழையெண்டது?"

"நான்தான். பதினாறாம் ஐயா, ஒரு ஏக்கருக்கு."

"தோட்டக் காணியெண்டால் பதினாறுதானே. வயல் பரப்பு சின்னது, பன்னிரண்டு குழி. தோட்டப் பரப்பு பதினெட்டுக் குழி. மிளகாய்த் தோட்டத்தை வயல் பரப்பிலை ஆராவது சொல்லுவினமே?"

"ரெண்டு பரப்பு இருக்கோ?"

"உது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்," என்றார் ஐயா. "அவர் என்ன காணியெண்டு கேட்டவரோ?"

கேட்டவர். கணினி ஏதோ கேட்டது, நான் என்டர் தட்டினேன். வாயில் இருந்த சோறு அப்படியே நின்றுவிட்டது.

கையைக் கழுவிக்கொண்டு ஓடினேன். மேலே போய்த் திரும்ப ஓடவிட்டு, இந்தத் தடவை கண்ணைத் திறந்து வாசித்தேன். வயலா, தோட்டமா என்றுதான் அது கேட்டிருந்தது. ஒன்றும் சொல்லாமல் என்டர் தட்டினால் தோட்டம் என்று எடுத்துக்கொள்ளும். வயல் என்று சொன்னேன். ஒரு ஏக்கர் என்றது. இம்மியும் பிசகவில்லை.

வெட்கம் பிடுங்கித் தின்றது. உலகத்துக்கு முன்னால், "இங்கே எல்லோருக்கும் தெரியும்" என்று வேறு எழுதியிருந்தேன். தெரியாத ஒரே ஆள் நான்தான். சரி, நிராகரிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பொதியை ஏற்றுவோம், மன்னிப்புக் கேட்போம், முடிந்தது கதை என்று விசைப்பலகையில் கை வைத்தேன்.

கை நகரவில்லை. நான் என்டர் தட்டினேன். கணினி படித்த நானே தட்டினேன். நாளைக்கு ஏதோ ஒரு கந்தோரில், இடம்பெயர்ந்த சனத்தின் காணி விவரத்தை வரிசையாகப் பதிகிற ஒருவர் தட்ட மாட்டாரா? ஒரு ஏக்கர் வயல் ஒன்றரையாகப் பதியப்படும். திரும்பிப் போகிற நாளில் அந்த அரை ஏக்கருக்காகப் பக்கத்து வயல்காரனோடு மண்வெட்டி தூக்குவார்கள். நான் எழுதிய காரணம் பிழை, ஆனாலும் பொதியை அப்படியே ஏற்ற முடியாது.

என்டரை விழுங்கிவிட்டுத் திரும்பக் கேட்கும்படி ஒரே வரி மாற்றினால் போதும். நானே இரண்டு நிமிடத்தில் மாற்றிவிடுவேன். ஆனால் சோதிக்கிறவர் பொதியில் கைவைக்கக் கூடாது என்பது எங்கள் சட்டம். கொடுத்தவரே மாற்றி, தன் மின்கையெழுத்தோடு திரும்ப ஏற்ற வேண்டும். அந்தக் கையெழுத்துக்கான இரகசியக் கோப்பு அவரிடம் மட்டும் இருக்கும், அதைத் திறக்கும் கடவுச்சொல்லும் அவருக்கு மட்டும் தெரியும். அவர் மின்னஞ்சல் அனுப்புவதும் இதே கடையிலிருந்துதானாம், ஞாயிற்றுக்கிழமைகளில், நான் வராத நாளில். கோப்புகளை ஒரு புளொப்பியில் கொண்டுவருவாராம். வீரகத்தி அண்ணை சொல்லித்தான் இதெல்லாம் அறிந்தேன்.

நேரம் இரண்டு இருபது. சைக்கிளை எடுத்தேன்.

மன்னார் வீதியில் சோதனைச் சாவடியில் இறங்கி, உருட்டி, அடையாள அட்டை காட்டி, திரும்ப ஏறி மிதித்தேன். நெளுக்குளத்தில் மாயாண்டியின் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. வாசலில் ஒரு அம்மா மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தா. அவருடைய மனைவி, வடிவம்மா.

"அவரு சர்வேயர் ஐயாவோட போயிருக்காருங்க. சாம்பல்தோட்டத்துல காணி அளக்குறாங்க. சங்கிலி புடிக்கிறது அவருதானே," என்றா. என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டா போல. "ஏதும் பிரச்சனைங்களா?"

"பிரச்சனை என்னாலைதான். அவரின்ரை புளொப்பி எங்கை இருக்கும்?"

"அத அவரு கூடவேதான் வச்சிருப்பாரு. படக் குழாய்க்குள்ள."

திரும்பவும் மிதித்தேன். சாம்பல்தோட்டத்தில், ஒரு மரமுந்திரிகைத் தோட்டத்தின் நடுவில், நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு மனிதர் அளவுச் சங்கிலியின் நுனியைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றார். தோளில் வரைபடங்கள் வைக்கும் நீளத் தகரக் குழாய். நான் யாரென்று சொன்னதும் சங்கிலியைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார். எனக்கு இன்னும் வெட்கமாகிவிட்டது.

எல்லாவற்றையும் மூச்சு வாங்கச் சொன்னேன். நிராகரித்ததை, ஐயா சொன்னதை, என்டரை.

"என்டர அமத்தினீங்களா?" என்று அமைதியாகக் கேட்டார். "அப்ப தப்பு என் மேலதாங்க டீச்சர். நம்ம கந்தோருக்கு வர்றது முக்காவாசி தோட்டக் காணி. ஒவ்வொரு தடவையும் அடிக்க சோம்பேறித்தனப்பட்டு நான்தான் அப்புடி வச்சேன்."

"இல்லை, வாசிக்காமல் தட்டினது நான். பிழை என்ரை."

"வாசிக்காம தட்ட வுட்டது நான்தானே."

"அண்ணை, ஆற்றை பிழையெண்டு பிறகு சண்டை பிடிப்பம். ஆறு மணிக்குக் கதவு பூட்டுது."

அவர் சர்வேயரைப் பார்த்தார். சர்வேயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் இரண்டு எல்லைக்கல் இருந்தது, சங்கிலி பிடிக்க வேறு ஆள் இல்லை. நான் பாவாடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் சங்கிலியின் அடுத்த நுனியைத் தூக்கினேன். இரண்டு கல்லும் முக்கால் மணி நேரத்தில் முடிந்தன. இடையில், சங்கிலியை இழுத்துப் பிடித்தபடி, பெயரைச் சுருக்க வேண்டாம் என்று ஏன் எழுதினீர்கள் என்று கேட்டேன். காலையில் வந்த எரிச்சல் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

"முத்துக்கருப்பன் எங்கப்பாங்க," என்றார். "மலையகத்துல தேயிலைத் தோட்டத்துல பொறந்தவரு. கலவரத்துல எல்லாத்தையும் வுட்டுட்டு இங்க வந்தாரு. பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டாரு, வரல. ஓட்டு லிஸ்டுல இல்ல. காணி குடுக்குற கச்சேரிக்குப் போனா லிஸ்டுல பேரு இல்லேன்னு அனுப்பிருவாங்க. சாகுற வரைக்கும் எழுதிக்கிட்டே இருந்தாரு. எனக்கு எல்லாம் கெடச்சிருச்சு. அவருக்குத்தான் ஒண்ணும் கெடைக்கல. ஒரு லிஸ்டுலயாவது அவரு பேரு வரட்டுமேன்னு பாத்தேன். மொத எழுத்தா போட்டா அது அவரு பேரு இல்லீங்களே."

எரிச்சல் போன இடம் தெரியவில்லை. அதற்குப் பதிலாக வந்தது பயம். அந்தப் பெயரைப் பட்டியலில் ஏறவிடாமல் மதியத்திலிருந்து தடுத்து வைத்திருப்பது நான்.

இரண்டு சைக்கிளிலும் பறந்தோம். சாவடியில் சிப்பாய் குழாயைத் திறக்கச் சொன்னான். வரைபடங்களுக்கு நடுவிலிருந்து புளொப்பி விழுந்தது. அதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தான், ஏதோ தெரியப்போகிறது என்பதுபோல். மாயாண்டி அரைகுறைச் சிங்களத்தில் காணி அளக்கிற கணக்கு என்றார். தன் ஊரில் வயல் இருக்கிறதாம், அதையும் இது அளக்குமா என்று சிப்பாய் கேட்டான். அளக்கும் என்றார் மாயாண்டி. ஏழு நிமிடம் போனது. என் கோபத்தைப் பல்லுக்குள் கடித்து வைத்திருந்தேன்.

கடைக்கு வரும்போது ஐந்து பத்து. மாயாண்டி ஒரு விரலால்தான் தட்டுவார். ஒவ்வொரு எழுத்தையும் தேடி, கண்டு, குறிபார்த்து அழுத்துவார். பிடுங்கித் தட்டிவிடலாம் போல எனக்குக் கை துடித்தது, இரண்டு கையையும் மடிக்குள் வைத்துக்கொண்டேன். வரி மாறியது. பொதி கட்டப்பட்டது. ஓடவிட்டோம். இருபத்துநாலு என்று அடித்து என்டர் தட்டினேன். வயலா, தோட்டமா? திரும்ப என்டர். வயலா, தோட்டமா? பத்துத் தடவை தட்டினேன். பத்துத் தடவையும் கேட்டது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, மாயாண்டிக்கும்தான்.

கையெழுத்து வைத்தார். ஐந்து முப்பத்தெட்டு. இணைப்பைப் போட்டேன். உடனே துண்டிக்கச் சொல்லிக் கீழேயிருந்து வீரகத்தி அண்ணை கத்தினார். துண்டித்துவிட்டுக் கீழே ஓடினேன்.

வீரகத்தி அண்ணை தொலைபேசியின்மேல் கையை வைத்துக்கொண்டிருந்தார். "இப்ப தரேலாது பிள்ளை. கமலாட்சியக்காவின்ரை மகன் சுவிசிலையிருந்து அஞ்சரைக்கும் ஆறுக்கும் இடையிலை எடுப்பான். கிழமைக்கு ஒருக்கால்தான்."

வாங்கில் கமலாட்சியம்மா, கைப்பையை மடியில் வைத்தபடி, தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தா. ஒரு தாயிடம் போய் அந்த நேரத்தைக் கேட்க வாய் வரவில்லை. ஆனாலும் கேட்டேன். பத்து நிமிடம், காணி அளக்கிற ஒரு சாமானை அனுப்ப வேணும், ஆறு மணிக்குப் பிறகு எடுக்க மாட்டார்கள் என்றேன்.

"காணி அளக்கிறதோ?" அவ என் பின்னால் இறங்கி வந்திருந்த மாயாண்டியைப் பார்த்தா. "எனக்கும் பளையிலை முப்பது பரப்பு கிடக்குது. போன கிழமை பதியிற இடத்திலை பெடியன் ஒருத்தன் கணக்குப் போட்டான், ஒண்டும் விளங்கேல்லை. உம்மடை சாமான் என்ன சொல்லுது, முப்பது பரப்பு எத்தினை ஏக்கர்?"

மாயாண்டி வாயைத் திறப்பதற்குள் நான் திறந்தேன். "வயலோ, தோட்டமோ அம்மா?"

கமலாட்சியம்மா என்னை ஒரு கணம் பார்த்தா. "அந்தப் பெடியன் இதைக் கேக்கவே இல்லை," என்றா. பிறகு வீரகத்தி அண்ணையிடம் திரும்பினா. "குடுங்கோ தம்பி. லைன் கிடைக்காட்டி அவன் திருப்பி எடுப்பான். என்ரை பிள்ளையை எனக்குத் தெரியும்."

மேலே பாய்ந்தேன். இணைப்பு கீச்சிட்டு, கரகரத்து, பிடித்தது. பொதி மெல்ல மெல்ல ஏறத் தொடங்கியது. அது ஏறும்போதே நான் மின்னஞ்சல் குழுவுக்கு எழுதினேன். "மதியம் நான் எழுதிய நிராகரிப்புப் பிழை. எங்கள் பக்கத்தில் இரண்டு வகைப் பரப்பு உண்டு, எனக்கு ஒன்றுதான் தெரிந்திருந்தது. மென்பொருள் சரியாகக் கேட்டது, நான் வாசிக்காமல் என்டர் தட்டினேன். வாசிக்காமல் தட்ட முடியாதபடி முத்துக்கருப்பன் மாயாண்டி இப்போது திருத்தியிருக்கிறார். நான் ஏற்கிறேன்." என் உரிமையைப் பிடுங்கினால் பிடுங்கட்டும் என்று அனுப்பிவிட்டேன். ஐந்து நாற்பத்தொன்பதுக்குப் பொதி முழுதாக ஏறியது. உடனே இணைப்பைத் துண்டித்தேன்.

கீழே தொலைபேசி அடித்தது. "ஓம் அப்பன், அம்மாதான்," என்று கமலாட்சியம்மாவின் குரல் கேட்டது. எனக்கு உயிர் வந்தது.

அவ கதைத்து முடிக்கும்போது ஆறு ஐந்து. ஏற்கப்பட்டதா, கதவில் நசுங்கியதா என்று தெரியாமல் அந்தப் பதினாறு நிமிடமும் மாயாண்டி கதிரையின் நுனியில் இருந்தார். நான் அறையைச் சுற்றிச் சுற்றி நடந்தேன்.

திரும்ப இணைத்தபோது ஹென்ரிக்கின் கடிதம் வந்திருந்தது. அனுப்பிய நேரம் ஐந்து ஐம்பத்தேழு. "என்டர் தட்டிப் பார்த்தேன். விடமாட்டேன் என்கிறது. நான் விவசாயி இல்லை, ஆனாலும் கேள்வி பிடித்திருக்கிறது. சேர்த்தாயிற்று. சுரேகா, இனிமேல் கேள்விகளை வாசி. உரிமை உன்னிடமே இருக்கட்டும்."

நான் கூவியதில் வீரகத்தி அண்ணை படியேறி வந்துவிட்டார்.

இறுதிப் பட்டியலைத் திறந்தேன். ஆயிரக்கணக்கான வரிகள். தேடி நிறுத்தினேன். ஆங்கில எழுத்தில், ஒன்றும் சுருங்காமல், முத்துக்கருப்பன் மாயாண்டி, நெளுக்குளம், வவுனியா என்று இருந்தது.

"அச்சடிச்சுத் தர முடியுங்களா?" என்று மாயாண்டி கேட்டார்.

பழைய அச்சுப்பொறி கிறீச் கிறீச்சென்று அந்த ஒரு பக்கத்தை அடித்துத் தள்ளியது. அவர் தாளை யன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், வரிவரியாக விரலை இறக்கி, தன் வரியில் நிறுத்தினார். மாயாண்டி என்ற பெயருக்கு விரல் போகவேயில்லை. அதற்கு முன்னால் இருந்த பெயரின் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை போனது, திரும்ப முதலுக்கு வந்தது, திரும்பவும் போனது.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மறைக்கவில்லை, அவரும் மறைக்கவில்லை.

பிறகு தாளை மடிக்காமல் சுருட்டி, தகரக் குழாய்க்குள் இருந்த மற்றவர்களின் காணி வரைபடங்களுக்கு நடுவில் வைத்து மூடினார். இருட்டுவதற்குள் சாவடியைத் தாண்ட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.